கடல் தாண்டிய லஸ்கர்

வாயில் விட்ட தண்ணீரை ரெத்தினம் துப்பினார். நம்ப முடியாமல் இன்னொரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். சந்தேகமே இல்லை, உப்பு.

விடிந்தும் விடியாத நேரம். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் அளவு வாய்க்காலில் நின்றிருந்தார். எதிரே ஒரு ஷட்டர் முழுசாகத் தூக்கிக் கிடந்தது. அதன் அடியில் கடல் ஏற்றத் தண்ணீர் சலசலவென்று வயலுக்குள் போய்க்கொண்டிருந்தது. வயலில் போன போகத்துத் தாள் பாதி மட்கி நின்றது.

"வயலுக்குள்ள உப்புத்தண்ணிய விட்டுட்டு எவன்டா இப்படி இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்குறது?" என்று சுற்றுமுற்றும் பார்த்துக் கேட்டார்.

யாராவது பதில் சொல்லியிருந்தாலும் அவருக்குப் புரிந்திருக்காது. அது வியட்நாமின் தென்கோடி, மெக்காங் ஆறு கடலில் கலக்கிற கடைமடை. ரெத்தினத்தின் ஊரோ திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே, காவிரித் தண்ணீர் கடைசியாக எட்டிப் பார்க்கிற கடைமடை. அந்த ஷட்டருக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இருந்தாலும் அவருடைய கை அவரைக் கேட்காமலே அதை ஏற்றி இறக்குகிற சக்கரத்தைப் பிடித்துவிட்டது.

கையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஆற்றிலும் வாய்க்காலிலும் ஷட்டரை ஏற்றி இறக்குகிற பொதுப்பணித்துறை ஊழியருக்கு எங்கள் பக்கம் லஸ்கர் என்று பெயர். ரெத்தினம் முப்பத்து மூன்று வருஷம் லஸ்கர். மேலேயிருந்து ஆற்றுத் தண்ணீர் வந்தால் ஏற்ற வேண்டும், கீழேயிருந்து கடல் தண்ணீர் வந்தால் இறக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அந்த அவ்வளவுதானில் ஒரே ஒரு நாள் அசந்துவிட்டால் நாலு கிராமத்து நடவு கருகிப்போகும். ரெத்தினம் அசந்ததே இல்லை. கஜா புயல் அன்றைக்குக்கூட இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு போய் ஷட்டரை இறக்கிவிட்டுத்தான் வீட்டுக் கூரை இருக்கிறதா என்று பார்க்க வந்தார். இல்லை என்பது வேறு விஷயம்.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு வாழ்க்கைப்பட்ட அம்சவல்லி என்ன சுகத்தைக் கண்டிருப்பாள்? ஜூன் பன்னிரண்டில் மேட்டூர் திறந்தால் ஜனவரி கடைசி வரை தண்ணீர் டியூட்டி. மூடிவிட்டால் மராமத்து. கல்யாணமான புதிதில் ஒரு தடவை வேளாங்கண்ணிக்குக் கூட்டிப் போனார். அங்கேயும் கடற்கரையில் நின்று, "இன்னைக்கு ஏத்தம் ஜாஸ்தியா இருக்கே" என்று கவலைப்பட்டு, சாயங்கால பஸ்ஸிலேயே திரும்பக் கூட்டி வந்துவிட்டார்.

அம்சவல்லி அங்கன்வாடி டீச்சர். அங்கன்வாடிச் சுவரில் இருபது வருஷமாக ஒரு பழைய காலண்டர் தொங்கியது. அதில் கம்போடியாவில் இருக்கிற பெரிய கல்கோயிலின் படம். வருஷம் முடிந்து தேதி கிழித்த பிறகும் அந்தப் படத்தை மட்டும் அவள் கழற்றவில்லை. போன வருஷம் அவளும் ஓய்வு பெற்றாள். பெற்ற மறுநாள் இருநூறு பக்க நோட்டு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் குறிப்பெடுக்க ஆரம்பித்தாள். மலேசியா, தாய்லாந்து, வியட்நாம், கடைசியாகக் கம்போடியா. நாற்பத்தைந்து நாள். விமானம் போக வர, நடுவில் வியட்நாமுக்கு ஒரு தடவை, மற்றதெல்லாம் பஸ், ரயில், படகு.

தஞ்சாவூரில் பேங்கில் வேலை பார்க்கிற மகள் கயல்விழி, "டூர் கம்பெனியில போகலாம்ல? இந்த வயசுல எதுக்கும்மா இந்த வீம்பு?" என்று கேட்டாள்.

"டூர்காரன் அஞ்சு நாள்ல எல்லாத்தையும் காமிச்சுட்டுக் கொண்டாந்து விட்டுடுவான். நா முப்பத்து மூணு வருஷம் காத்திருக்கேன். நின்னு நிதானமாத்தான் பாக்கணும்" என்றாள் அம்சவல்லி.

திருச்சி ஏர்போர்ட்டில் புருஷனிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "போற எடத்துல யாரு வாய்க்கால்லயும் எறங்கக்கூடாது. எவன் ஷட்டரையும் தொடக்கூடாது. நம்ம ஊர்ல ஷட்டரத் தொட்டவனுக்கெல்லாம் நீங்க என்ன பண்ணீங்கன்னு நெனச்சுக்குங்க."

ரெத்தினம் நினைத்துக்கொண்டார். அவர் ஷட்டரைத் தொட்ட ஏழு பேரைப் புகார் எழுதிக் கொடுத்துப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் உட்கார வைத்தவர்.

அம்சவல்லியின் சாமர்த்தியத்தை எழுத இந்த ஒரு கதை போதாது. ஒன்றரை லிட்டர் கெட்டிலில் சாதம் வடித்தாள், அதே கெட்டிலில் ரசம் வைத்தாள். பாங்காக்கில் எட்டுப் பேர் படுக்கிற ரூமில் ஏணி வைத்த மேல் கட்டிலைத் தான் எடுத்துக்கொண்டு, "ஒங்க முட்டிக்குக் கீழ்க்கட்டில்தான் சரி" என்றாள். அங்கே படுத்திருந்த வெள்ளைக்காரப் பெண்கள் நான்கு பேருக்கும் மூன்றாம் நாள் பருப்புப் பொடி பழக்கமாகிவிட்டது. எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர் பாஷையில் நன்றி சொல்வது எப்படி என்று உள்ளங்கையில் எழுதிக்கொள்வாள். மார்க்கெட்டில் கீரை விற்கிற கிழவியோடு தமிழிலேயே அரைமணி நேரம் பேசுவாள், அந்தக் கிழவியும் தலையாட்டிக்கொண்டு கேட்பாள். என்ன மாயமோ தெரியாது. இத்தனை வருஷமும் இதையெல்லாம் அங்கன்வாடி ரூமுக்குள் பூட்டியா வைத்திருந்தாள் என்று ரெத்தினம் வாயைப் பிளந்து பார்த்தார்.

ஆனால் பார்க்கிறவருக்கு முட்டி வலித்தது. அந்த ஊர் நாற்காலிகள் எல்லாம் குழந்தைகள் உட்காருகிற உயரம். கக்கூஸில் மக் கிடையாது. படுத்துக்கொண்டு போகிற பஸ்ஸில் இவர் நீளத்துக்குப் படுக்கை கிடையாது. இருபத்து நாலாம் நாள், பதினோரு மணி நேரம் மடங்கிப் படுத்து வந்து இறங்கியவர், இறங்கின இடத்திலேயே சொல்லிவிட்டார்.

"அம்சு, போதும். ஊருக்குப் போயிடலாமா?"

அம்சவல்லி சண்டை போடவில்லை. நோட்டை மூடிப் பையில் வைத்தாள். "சரிங்க. இன்னும் ஒரே ஒரு ஊர் பாத்துட்டுப் போயிடுவோம்."

அப்போது அவள் முகம் போன போக்கைப் பார்த்த ரெத்தினத்துக்கு, தன் வாயை ஊசி நூல் போட்டுத் தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. கல்கோயிலுக்கு இன்னும் ஒரு நாட்டு எல்லைதான் பாக்கி. என்ன ஆனாலும் சரி, தன்னால் அது கெட்டுப்போகக் கூடாது என்று அன்றைக்கே மனசுக்குள் முடிவு செய்தார். அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. சொன்னாலும், "எனக்காகச் சொல்றீங்க" என்பாள். அது உண்மையும்கூட.

அந்த ஒரே ஒரு ஊர்தான் இது. கடற்கரை ஊருக்குப் போவதாக இருந்ததை மாற்றி, மாய் என்கிற அம்மாளின் வீட்டில் ஓர் அறையைப் பிடித்திருந்தாள் அம்சவல்லி. நேற்றுச் சாயங்காலம்தான் வந்து சேர்ந்தார்கள். கொல்லைப்பக்கம் வயல், வயலுக்கு வாய்க்கால், வாய்க்காலுக்கு இந்தப் பாழாய்ப்போன ஷட்டர்.

ஒருநாள் முழுக்க உப்பு நின்றால் மண் என்னத்துக்கு ஆகும்? ரெத்தினம் வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அவர் எழுந்து வரும்போது அம்சவல்லி தூங்கிக்கொண்டிருந்தாள். மாய் அம்மாள் அறையிலும் விளக்கு எரியவில்லை.

பதினான்கு சுற்று. ஷட்டர் முனகிக்கொண்டே இறங்கித் தரையில் உட்கார்ந்தது. தண்ணீர் நின்றது. ரெத்தினம் கையைத் தட்டிவிட்டு, நேரத்தைக் குறித்து வைக்கச் சட்டைப்பையில் பேனாவைத் தேடினார். பனியனில் ஏது பை?

காலையில் மாய் அம்மாள் பெரிய கிண்ணத்தில் மீன்சாறு ஊற்றின நூடுல்ஸ் கொடுத்தாள். பத்து நாளாக அதைக் கண்டாலே மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தவர் இரண்டாவது கிண்ணம் கேட்டார்.

"காலங்காத்தால எங்க போனீங்க?" என்றாள் அம்சவல்லி.

"சும்மா, காலாற நடந்தேன்."

"கைலி நனைஞ்சிருக்கே."

"பனி."

"முழங்கால் வரைக்குமா பனி?"

"வெளிநாட்டுப் பனி, அப்படித்தான் இருக்கும்."

ரெத்தினம் அன்று மத்தியானம் குறட்டை விட்டுத் தூங்கினார்.

மறுநாள் விடியற்காலையில் போய்ப் பார்த்தால் ஷட்டர் மறுபடியும் தூக்கிக் கிடந்தது. பதினான்கு சுற்றும் முழுசாக. உப்புத் தண்ணீர் நேற்றைக்குப் போலவே உள்ளே போய்க்கொண்டிருந்தது.

ரெத்தினம் முதலில் அதை இறக்கினார். பிறகு வாழைமரத்தின் பின்னால் ஒதுங்கி ஊருக்குப் போன் போட்டார். அவர் இடத்துக்கு வந்திருக்கிற லஸ்கர் மருதையன் எடுத்தான். இவரிடம் பத்து வருஷம் வேலை பழகியவன்.

"அண்ணே, வியட்நாம் எப்புடிண்ணே இருக்கு?"

"அதெல்லாம் கெடக்கட்டும். இங்க ஒரு ஷட்டரு நா எறக்கி விட்டா, விடியிறதுக்குள்ள தானா ஏறிக்குதுடா."

மருதையன் யோசிக்கவே இல்லை. "ஷட்டரு எங்கண்ணே தானா ஏறும்? எவனோ திருட்டுத்தனமா ஏத்துறான். நம்மூரு மேலத்தெருக்காரனுவ மாதிரி அங்கயும் இருப்பானுவள்ல?"

"வீட்டுக்கார அம்மாகிட்ட சொல்லிடவா?"

"சொன்னீங்கன்னா மொதல்ல ஒங்களத்தான் கேப்பாங்க, நீ ஏன் தொட்டேன்னு. நாம எப்பவும் என்னண்ணே பண்ணுவோம்? பூட்டு."

பூட்டுக்கு எங்கே போவது? அம்சவல்லியின் பையில் ஒன்று தொங்கியது. அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துக் கழற்றி, துணி காயப்போடக் கொண்டு வந்த நைலான் கயிற்றையும் எடுத்துக்கொண்டு போய், சக்கரத்தைத் தூணோடு சேர்த்துக் கட்டிப் பூட்டினார். தன்னிடமிருந்த சாவியைப் பனியனில் முடிந்துகொண்டார்.

திரும்பி வந்தால் அம்சவல்லி பையைத் தலைகீழாகக் கொட்டித் தேடிக்கொண்டிருந்தாள்.

"பூட்டக் காணுமே. நீங்க பாத்தீங்களா?"

"பஸ்ஸுல விழுந்திருக்கும்."

"நேத்து இருந்துச்சே."

"அப்ப நேத்து விழுந்திருக்கும்."

"சரி விடுங்க. நம்ம பையில என்ன தங்கமா இருக்கு?" என்று அவள் துணிகளை மடித்து அடுக்க ஆரம்பித்தாள். பொய் இவ்வளவு சுலபமாகத் தாண்டியது ரெத்தினத்துக்கே பொறுக்கவில்லை, கூடமாட மடிக்கக் குனிந்தார். அவள் வலது உள்ளங்கையில் துணி சுற்றியிருந்ததை அப்போதுதான் பார்த்தார்.

"கையில என்ன?"

"கீரை அரியும்போது கத்தி பட்டுடுச்சு."

"பாத்து அரியக் கூடாதா?"

"வெளிநாட்டுக் கத்தி" என்றாள். சாப்பிட்டதும் கொல்லையில் கட்டியிருந்த தூளியில் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டாள். ஊரில் பகலில் கண்ணை மூடாதவள். பாவம், அலைச்சல் அவளையும் அசத்திவிட்டது என்று ரெத்தினம் போர்வையை எடுத்துப் போர்த்திவிட்டார்.

மூன்றாம் நாள் காலை பூட்டு திறந்திருந்தது. உடைக்கவில்லை, அறுக்கவில்லை. பக்குவமாகத் திறந்து, கயிற்றைச் சுருட்டி வைத்து, அதன் மேல் பூட்டையும் வைத்துவிட்டுப் போயிருந்தான் கள்ளன். ஷட்டர் பதினான்கு சுற்று மேலே.

திருச்சி பஸ் ஸ்டாண்டில் வாங்கின பூட்டு, எந்தச் சாவி போட்டாலும் திறக்கும் என்று ரெத்தினம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனாலும் ரோஷம் வந்துவிட்டது. முப்பத்து மூன்று வருஷ சர்வீஸில் எந்தக் கொம்பனும் அவரிடம் இப்படி விளையாடியதில்லை. ஷட்டரை இறக்கினார். இனிமேல் இதோடு விடுவதில்லை. மூன்று நாளாக உள்ளே ஏறின உப்பை வெளியேற்றியே தீர வேண்டும். வயலின் அந்தக் கோடியில் வடிகாலுக்கு ஒரு சின்ன மதகு இருந்தது. அங்கே போக ஒற்றை மூங்கிலைப் போட்டு, பிடித்துக்கொள்ள இன்னொரு மூங்கிலைக் கட்டியிருந்தார்கள். அதுதான் பாலம்.

ரெத்தினம் பாதி தூரம் போனார். மீதிப் பாதியை நீந்தினார்.

சேறும் தண்ணீருமாகக் கரையேறி மதகுப் பலகையை உருவினார். வயல் வடிய ஆரம்பித்தது. அவருக்கு மனசு நிறைந்தது. அப்போதுதான் தண்ணீரோடு சேர்ந்து ஏதோ துள்ளியது. குனிந்து பார்த்தார். மீசையை ஆட்டிக்கொண்டு ஓர் இறால். அதன் பின்னால் இன்னொன்று. பின்னால் நாலைந்து.

கொக்குகள் வந்து இறங்கின. அவற்றுக்கு விஷயம் முதலிலேயே தெரிந்திருந்தது.

ரெத்தினத்துக்கு இப்போதுதான் விளங்கியது. நெல் அறுத்த பிறகு இதே வயலில் உப்புத் தண்ணீரை ஏற்றி இறால் விடுகிறார்கள். இவர்களே பார்த்துத்தான் ஷட்டரை ஏற்றியிருக்கிறார்கள். ஒரு குடும்பத்தின் சாப்பாட்டை மூன்று நாளாக அடைத்து வைத்து, இன்றைக்கு அதை வாய்க்காலில் வேறு ஊற்றிவிட்டார். கள்ளன் வேறு யாரும் இல்லை, கைலி கட்டின இந்த ரெத்தினம்தான்.

பலகையைச் செருகினார். துண்டை விரித்து, துள்ளுகிற இறாலையெல்லாம் பொறுக்கி வயலுக்குள் வீசினார். கொக்குகள் அதை அங்கேயே பிடித்துக்கொண்டன. தண்ணீர் குறைந்துவிட்டதே என்று மறுபடியும் மூங்கில் பாலத்தில் ஓடி, மறுபடியும் விழுந்து, ஷட்டரைப் பதினான்கு சுற்று ஏற்றினார். அதற்குள் கடல் வற்றம் தொடங்கியிருந்தது. வெளியிலிருந்து தண்ணீர் உள்ளே வருவதற்குப் பதிலாக உள்ளே மிச்சமிருந்ததும் வெளியே ஓடியது. வற்றத்தில் ஷட்டரை ஏற்றினால் தண்ணீர் வெளியேதான் போகும் என்பது லஸ்கர் வேலைக்கு முதல்நாள் வருகிறவனுக்கே தெரியும். ரெத்தினம் தலையில் அடித்துக்கொண்டு திரும்ப இறக்கினார்.

நிமிர்ந்தால் கரையில் மாய் அம்மாள் நின்றிருந்தாள். கையில் ஒரு கூடை. அவர் துண்டில் மிச்சமிருந்த இறால்களைக் கூடையில் போட்டுக்கொண்டு, சிரித்துவிட்டு, உள்ளே போய்விட்டாள்.

மத்தியானம் அந்த இறால் வறுவலாகி வந்தது. ரெத்தினம் ஒன்றைக்கூடத் தொடவில்லை. தான் செய்த பாவத்தையே தட்டில் வைத்துப் பரிமாறியது போலிருந்தது.

"சாப்புடுங்க, நல்லாருக்கு. இப்பதான் புடிச்சதாம்" என்றாள் அம்சவல்லி.

"தெரியும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

சாப்பாடு முடிகிற நேரம் கயல்விழியின் வீடியோ கால் வந்தது. "அப்பா, வியட்நாம்ல ஷட்டர் திருடன வளைச்சுப் புடிச்சீங்களாமே? மருதையன் சித்தப்பா ஊர் குரூப்புல போட்டு எல்லாரும் உங்களுக்கு மாலை போடுறாங்க."

ரெத்தினம் போனோடு வாழைத்தோப்புக்கு ஓடினார். "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. அம்மாகிட்ட மூச்சு விட்டுடாத."

"அது சரி, எப்பப்பா வர்றீங்க? அன்னைக்கு ஊருக்கு வந்துடலாம் போலருக்குன்னீங்க?"

"இப்ப எங்கம்மா வர்றது? இங்க தலைக்கு மேல வேலை கெடக்கு" என்று சொல்லிவிட்டு வைத்தார். தூளியில் படுத்திருந்த அம்சவல்லி நோட்டைத் திறந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்கு மோட்டார் சைக்கிளில் ஒரு போலீஸ்காரர் வந்தார்.

ரெத்தினம் ஜன்னல் வழியாகப் பார்த்தார். மாய் அம்மாள் போலீஸ்காரருக்கு டீ கொடுத்தாள். இரண்டு பேரும் பேசினார்கள். அவள் வயல் பக்கம் கையைக் காட்டினாள், போலீஸ்காரர் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு அவள் உள்ளே போய் வந்த அன்றைக்கு இவர்களிடம் வாங்கி வைத்த இரண்டு பாஸ்போர்ட்டையும் கொண்டு வந்து அவரிடம் நீட்டினாள்.

ரெத்தினம் ஜன்னலை விட்டு ஒதுங்கினார். சொந்த ஊரில் ஏழு பேரை ஸ்டேஷன் வாசலில் உட்கார வைத்த பாவம் கடல் தாண்டி வந்துவிட்டது என்று நினைத்தார். ஜெயிலுக்குப் போவதுகூடப் பெரிசில்லை. அம்சவல்லியின் பாஸ்போர்ட்டும் அல்லவா அந்த ஆள் கையில் இருக்கிறது. இன்னும் நாலு மணி நேர பஸ், ஓர் எல்லை, அப்புறம் அந்தக் கல்கோயில். முப்பத்து மூன்று வருஷம் ஒரு ஷட்டருக்காக அவளை ஊரோடு வைத்தார். கடைசியில் வேறொருத்தன் ஷட்டருக்காகவா அவளைத் திருப்பி அனுப்புவது?

அம்சவல்லி தூளியில் அயர்ந்து தூங்கினாள். போலீஸ்காரர் போன பிறகு ரெத்தினம் சட்டையைப் போட்டு, மேல் பட்டன் வரை பூட்டிக்கொண்டு, சமையலறைக்குப் போய் மாய் அம்மாள் எதிரே கையைக் கட்டி நின்றார். அவள் தன் செல்போனை எடுத்து நடுவில் வைத்தாள். நாம் பேசினால் அவர்கள் பாஷையில் சொல்லும், அவர்கள் பேசினால் செய்தி வாசிக்கிற குரலில் தமிழில் சொல்லும்.

"அம்மா, நாந்தான் ஒங்க ஷட்டர மூணு நாளா எறக்கினேன். இறாலையும் நாந்தான் வெளிய விட்டேன். எங்க ஊர்ல உப்புத்தண்ணி ஏறினா ஊரே பட்டினி, அந்தப் பயத்துல செஞ்சுட்டேன். எம்பொண்டாட்டிக்கு இதுல ஒண்ணுமே தெரியாது. அவ எத்தனையோ வருஷமா அந்தக் கோயிலப் பாக்கணும்னு கெடக்குறா. அவ பாஸ்போர்ட்ட மட்டும் வாங்கிக் குடுத்துடுங்க, அவள பஸ் ஏத்தி விட்டுர்றேன். எல்லையத் தாண்டிட்டா அவளே சமாளிச்சுக்குவா, எந்த ஊர்லயும் சமாளிப்பா. நா இங்கயே இருந்து நட்டுக் குடுக்குறேன், அறுத்துக் குடுக்குறேன், என்ன சொன்னாலும் செய்யிறேன்."

போன் அதைக் கேட்டு நிதானமாகச் சொல்லி முடித்தது. மாய் அம்மாள் முதலில் அவரைப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று ரெத்தினம் பயந்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். அப்புறம் போனில் பேசினாள்.

"கவலைப்படாதீர்கள் ஐயா" என்றது போன். "வீட்டில் தங்கும் வெளிநாட்டு விருந்தினர்களின் பெயரைக் காவலர் வந்து எழுதிக்கொள்வது எங்கள் வழக்கம். நாளைக்குப் பாஸ்போர்ட்டைக் கொண்டு வந்து தருவார். அந்த வயலில் இறால் அறுவடை போன மாதமே முடிந்துவிட்டது. மீதி இருந்தது நாலு இறால், அதை நாம் மத்தியானம் சாப்பிட்டோம். இப்போது அது காலி வயல். அதில் தண்ணீர் ஏறினாலும் ஒன்றுமில்லை, இறங்கினாலும் ஒன்றுமில்லை."

ரெத்தினத்துக்கு உயிர் திரும்பி வந்தது. கூடவே ஒரு சந்தேகமும் வந்தது. லஸ்கர் அல்லவா, அவரால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"காலி வயலுக்கு எதுக்கும்மா தண்ணி? நீங்க எதுக்காகத் தெனம் ஷட்டர ஏத்துறீங்க?"

மாய் அம்மாள் தலையை ஆட்டினாள். தான் இல்லை என்பது போல் கையை விரித்தாள். தூளியில் தூங்குகிற அம்சவல்லி எழுந்துவிடக் கூடாது என்று குரலைத் தாழ்த்திப் போனிடம் ஏதோ சொன்னாள். போனுக்கு அந்த இங்கிதமெல்லாம் தெரியாது. அது செய்தி வாசிக்கிற குரலில் வீடு முழுக்கக் கேட்கும்படி சொன்னது:

"உங்கள் மனைவி அறை கேட்டு எழுதியபோது கட்டில் கேட்கவில்லை, மின்விசிறி கேட்கவில்லை; 'என் கணவர் தினமும் இறக்குவதற்கு உங்கள் வீட்டில் ஒரு ஷட்டர் இருக்கிறதா, விடியும் முன் அதை ஏற்றி வைக்கிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று மட்டும்தான் கேட்டிருந்தார்."